கொடுமையிலிருந்து மீண்டு வரும் பெண்ணும் நமது கடமையும்

 



நிகாஹ் முடிந்து மூன்று வருடமோ ஐந்து வருடமோ ஆன ஒரு பெண், கையில் ஒரு பையோடும் இடுப்பில் ஒரு பிள்ளையோடும் வாப்பா வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். உடம்பில் காயம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கை நீட்டாமலேயே கொடுமை செய்பவர்கள் இருக்கிறார்கள். உம்மாவுக்கு போன் பேசினால் சண்டை, பத்து ரூபாய்க்குக் கணக்கு, பெற்றவர்களைச் சொல்லிச் சொல்லி ஏச்சு, கைக்கூலி குறைந்ததென்று ஆறு வருடமாக ஒரே பேச்சு. அவள் வந்து நின்றதும் வீட்டில் முதலில் கேட்கும் கேள்வி என்ன தெரியுமா? "அக்கம்பக்கத்தில் யாரும் பார்த்தார்களா?" என்பதுதான். அடுத்து ஜமாஅத் ஆபீஸ், பஞ்சாயத்து. "பொறுத்துப் போம்மா, ஸப்ர் செய், அல்லாஹ் கூலி தருவான்." இப்படிச் சொல்லி அதே ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிடுகிறோம்.

இன்றைக்கு அந்தப் பெண்ணைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அவள் ஏன் வந்தாள் என்பதைப் பற்றிக் கொஞ்சம், வந்த பிறகு அவள் எப்படி மறுபடி எழுந்து நிற்பாள் என்பதைப் பற்றி அதிகம்.

அல்லாஹ் தஆலா தன் திருமறையில், ஈமான் கொண்ட அனைவருக்கும், ஆண்களுக்கும் சேர்த்துத்தான், முன்மாதிரியாக இரண்டு பெண்களைக் காட்டுகிறான். ஒருவர் மர்யம் (அலை). இன்னொருவர் ஃபிர்அவ்னின் மனைவி. ஆசியா என்று ஹதீஸில் பெயர் வருகிறது. ஸூரத்துத் தஹ்ரீமின் 11ஆவது வசனத்தை வீட்டுக்குப் போய் நிதானமாக ஓதிப் பாருங்கள். அந்தப் பெண்மணி கேட்ட துஆ அதில் இருக்கிறது. முதலில், உன்னிடத்தில் சொர்க்கத்தில் எனக்கு ஒரு வீடு வேண்டும் என்று கேட்கிறார்கள். அரண்மனையில் வாழ்ந்த பெண் வீடு கேட்கிறார்! அந்த அரண்மனை அவருக்கு வீடாக இருக்கவில்லை என்பதை இதைவிட எப்படிச் சொல்ல முடியும்? அடுத்து, ஃபிர்அவ்னிடமிருந்தும் அவன் செயலிலிருந்தும் என்னைக் காப்பாற்று என்கிறார்கள். கடைசியாக, அநியாயக்காரக் கூட்டத்திலிருந்து காப்பாற்று என்கிறார்கள்.

கவனியுங்கள். "யா அல்லாஹ், இவனோடு காலம் தள்ள எனக்கு இன்னும் பொறுமையைக் கொடு" என்று மட்டும் அவர்கள் கேட்டிருக்கலாம். விடுதலையை அல்லவா கேட்டார்கள்! அவனது செயலிலிருந்து மட்டுமல்ல, அவனிடமிருந்தே விடுதலை. அந்த துஆவை அல்லாஹ் குறையாகச் சொல்லவில்லை, கியாமத் நாள் வரை ஓதப்படும் வசனமாக ஆக்கிவிட்டான். கொடுமைக்காரக் கணவனிடமிருந்து தப்பிக்க நினைப்பது ஈமானின் பலவீனம் என்று நம்மில் ஒருவர் சொல்வாரானால், அவர் இந்த வசனத்துக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்?

இப்போது மதீனாவுக்கு வாருங்கள். இன்னும் வெளிச்சம் வராத ஸுப்ஹு நேரம். பெருமானார் (ஸல்) அவர்கள் தொழுகைக்காக வெளியே வருகிறார்கள். வாசலில் இருட்டில் ஒரு பெண் நிற்கிறார். யார் என்று கேட்கிறார்கள். ஹபீபா பின்த் ஸஹ்ல் என்று பதில் வருகிறது. என்ன விஷயம் என்று கேட்டதும், தானும் தன் கணவர் ஸாபித் இப்னு கைஸும் இனி சேர்ந்து வாழ முடியாது என்கிறார். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் உள்ள செய்தி இது. அபூதாவூதில் வரும் அறிவிப்பில், கணவர் அடித்ததில் அவருக்கு உறுப்பு முறிந்திருந்தது என்றும் இருக்கிறது. ஸாபித் (ரலி) சாதாரண ஆள் அல்ல. அன்ஸாரிகளின் பேச்சாளர், நாயகத்தின் சபையில் மதிப்புள்ளவர். ஆனாலும் நபி (ஸல்) அவர்கள் அந்தப் பெண்ணிடம் "நீ என்ன செய்தாய்?" என்று விசாரித்ததாக அந்த அறிவிப்பில் இல்லை. திரும்பிப் போகச் சொன்னதாகவும் இல்லை. ஸாபித் வந்ததும், இவர் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார் என்றார்கள். கொடுத்த மஹர் அப்படியே இருக்கிறது என்று ஹபீபா (ரலி) சொல்ல, அதைப் பெற்றுக்கொள்ளுமாறு ஸாபிதிடம் சொன்னார்கள். பிரச்சினை முடிந்தது. அவர் தன் குடும்பத்தாரிடம் போய் இருந்துகொண்டார் என்று அந்தச் செய்தி முடிகிறது.

நஸாயீயில் வரும் இன்னோர் அறிவிப்பில் ஸாபிதின் மனைவியின் பெயர் ஜமீலா என்று வருகிறது. கை முறிந்த தங்கைக்காக முறையிட நாயகத்திடம் வந்தவர் அவருடைய சகோதரர். இங்கே உட்கார்ந்திருக்கும் அண்ணன்மார்கள், தம்பிமார்கள் இதைக் கவனிக்க வேண்டும். மச்சானோடு உறவு கெட்டுவிடக் கூடாதே, கடைக்குக் கொடுத்த பணம் வராமல் போய்விடுமே என்று வாய் மூடிக்கொண்டு இருக்கும் அண்ணன்மார்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்!

"அந்நிஸா 34ஆவது வசனம் இருக்கிறதே ஹஜ்ரத்" என்று சில இளைஞர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். அந்த வசனம் இறங்கியது யார் மீது? அந்த நபி தம் கையால் ஒரு பெண்ணையோ ஒரு பணியாளரையோ அடித்ததே இல்லை என்று ஆயிஷா (ரலி) அவர்கள் சாட்சி சொல்கிறார்கள் (முஸ்லிம்). கணவர்கள் அடிப்பதாக முறையிட்டுப் பெண்கள் நபியின் குடும்பத்தாரைச் சூழ்ந்துகொண்டபோது, அப்படி அடிப்பவர்கள் உங்களில் நல்லவர்கள் அல்லர் என்று அறிவித்தார்கள் (அபூதாவூத்). இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் இதை வைத்துத்தான் கை நீட்டாமல் விடுவதே மேல் என்றார்கள். காயப்படுத்துவதற்கு எந்த மத்ஹபிலும் அனுமதி கிடையாது. இதற்கு மேல் இதில் பேச எதுவும் இல்லை.

ஒரு ஹதீஸைப் பாதியில் நிறுத்திச் சொல்லும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தலாக் கேட்கும் பெண்ணுக்குச் சொர்க்கத்தின் வாடைகூடக் கிடைக்காது என்று அழுதுகொண்டிருக்கும் பெண்ணிடம் போய்ச் சொல்கிறோம். அபூதாவூதிலும் திர்மிதியிலும் உள்ள அந்த ஹதீஸில், தக்க காரணம் எதுவும் இல்லாமல் கேட்டால் என்ற நிபந்தனை உள்ளேயே இருக்கிறது. அந்த ஒரு வார்த்தையை விழுங்கிவிட்டால் நாயகம் சொல்லாததைச் சொன்னதாக ஆகிவிடும். அது எவ்வளவு பெரிய பாவம் என்று இந்தச் சபைக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. மனைவியைத் துன்புறுத்துவதற்காகவே பிடித்து வைத்திருக்காதீர்கள் என்று அல்பகரா 231ஆவது வசனத்தில் அல்லாஹ் எச்சரிக்கிறான். அப்படிச் செய்பவன் தனக்குத்தானே அநீதி செய்துகொள்கிறான் என்றும், அல்லாஹ்வின் வசனங்களை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் அதே வசனம் சொல்கிறது. இதை எத்தனை பஞ்சாயத்தில் ஓதியிருக்கிறோம்?

சரி, அவள் வந்துவிட்டாள். குலாவோ தலாக்கோ ஃபஸ்கோ, ஏதோ ஒரு வழியில் பிரிந்தும் விட்டாள். வெளியில் இருப்பவர்கள் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். அவளுக்கு அப்போதுதான் ஆரம்பிக்கிறது. இரவில் தூக்கம் வராது. கதவு படாரென்று சாத்தினால் உடம்பு நடுங்கும். ஆறு மாதம் கழித்தும் திடீரென்று அழுவாள். சில நேரம் அவனையே நினைத்து அழுவாள்! "இவ்வளவு அடித்தவனுக்காகவா அழுகிறாய்?" என்று உம்மாவுக்குக் கோபம் வரும். நல்ல நாட்களும் இருந்திருக்கும் அல்லவா? அவள் கட்ட நினைத்த குடும்பத்துக்காக அழுகிறாள்.

அழுவது ஸப்ருக்கு எதிரானது அல்ல. அழகிய பொறுமை என்று தம் வாயால் சொன்ன யஅகூப் (அலை) அவர்கள், மகனை நினைத்து அழுது அழுது கண்கள் வெளுத்துப் போனார்கள் என்று ஸூரா யூஸுஃபில் வருகிறது. பக்கத்தில் இருந்தவர்கள் இன்னுமா அவரையே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். என் வேதனையை நான் அல்லாஹ்விடம் முறையிடுகிறேன் என்பதுதான் அவர்களின் பதில். வருடக்கணக்கான அழுகை அது. ஒரு நபிக்கு அத்தனை காலம் பிடித்தது என்றால், நம் வீட்டுப் பிள்ளைக்கு நாற்பது நாளில் சரியாகிவிட வேண்டும் என்று நாம் எப்படி எதிர்பார்க்க முடியும்?

மர்யம் (அலை) அவர்களைப் பாருங்கள். பிரசவ வேதனையில், தனியாக, ஊர் என்ன பேசுமோ என்ற பயத்தோடு, இதற்கு முன்பே நான் இறந்திருக்கக் கூடாதா என்று சொன்னார்கள். அந்தச் சொல்லுக்காக அல்லாஹ் அவர்களைக் கண்டிக்கவில்லை. கவலைப்படாதே என்று அழைப்பு வந்தது. காலடியில் நீரோடை, தலைக்கு மேல் பேரீச்சை. உண்ணச் சொன்னான், பருகச் சொன்னான், கண் குளிர இருக்கச் சொன்னான். அதன் பிறகு ஒரு கட்டளை வந்தது: யாரையாவது பார்த்தால், இன்று யாரோடும் பேச மாட்டேன் என நேர்ந்திருப்பதாகத் தெரிவித்துவிடு (மர்யம் 19:23-26). உடைந்து போயிருந்த ஒரு பெண்ணுக்கு ரப்புல் ஆலமீன் கொடுத்த முதல் மருந்து சாப்பாடு, தண்ணீர், நிம்மதி, ஊருக்குப் பதில் சொல்லாமல் இருக்கும் உரிமை. நாம் கொடுப்பதோ விசாரணை. பெரியம்மா வந்து கேட்பார், மாமி வந்து கேட்பார், கல்யாண வீட்டில் யாரோ ஒருவர் ஓரமாக இழுத்துக்கொண்டு போய்க் கேட்பார். ஒவ்வொரு தடவையும் அவள் முதலிலிருந்து சொல்ல வேண்டும். சகோதரிகளே, தெரிந்துகொள்ளும் ஆசையை விட்டுவிட்டு, ஒரு பாத்திரத்தில் ஏதாவது கொண்டுபோய்க் கொடுங்கள். மவ்த்தான வீட்டில் கூட்டம் கலைந்து குடும்பத்தார் மட்டும் மிஞ்சும்போது, ஆயிஷா (ரலி) அவர்கள் தல்பீனா என்ற கஞ்சியைச் சமைக்கச் சொல்வார்கள். அது மனதுக்கு இதம் தரும், துக்கத்தில் கொஞ்சத்தைப் போக்கும் என்று நாயகம் (ஸல்) சொன்னதாக அறிவிப்பார்கள் (புகாரி). பார்லி மாவில் செய்யும் எளிய கஞ்சிதான் அது.

ஓதிப் பார்ப்பது சுன்னத்தான காரியம், மறுக்கவில்லை. ஆனால் தூக்கமில்லாமல் தவிக்கும் பெண்ணை ஊர் ஊராகத் தாயத்துக்கு அழைத்துப் போய், "எவனோ செய்வினை வைத்துவிட்டான்" என்று சொல்லி அவள் பயத்தைக் கூட்டாதீர்கள். நோய்க்கு மருத்துவம் செய்யுங்கள் என்பது நபிமொழி. மனதில் ஏற்பட்ட காயமும் நோய்தான். அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருக்கிறார். வெளியே போகத் தயங்கினால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு ஒரு தடவை வாயில் வந்தாலும் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே அழைத்துப் போங்கள்.

அடுத்தது மன்னிப்பு. "மன்னித்துவிடு, மன்னிப்பது பெரிய அமல்" என்கிறோம். உண்மைதான். ஆனால் மன்னிப்பதும் மறுபடி அவனோடு போய் வாழ்வதும் ஒன்றா? ஹம்ஸா (ரலி) அவர்களைக் கொன்ற வஹ்ஷீ, பிற்காலத்தில் இஸ்லாத்தை ஏற்றுக்கொண்டு நாயகத்திடம் வந்தார். பெருமானார் அவரது இஸ்லாத்தை ஏற்றுக்கொண்டார்கள், பழிவாங்கவில்லை. ஆனால் முடியுமானால் என் கண்ணில் படாமல் இருந்துகொள்ள முடியுமா என்று கேட்டார்கள். புகாரியில் இருக்கிறது. உலகத்தாருக்கெல்லாம் அருட்கொடையாக வந்தவர்களே இதைக் கேட்டார்கள் என்றால், அடிபட்ட ஒரு பெண் அவன் முகத்தை இனிப் பார்க்க வேண்டாம் என்று சொல்வதில் என்ன குற்றம்? மன்னிப்பாளா, எப்போது மன்னிப்பாள் என்பது அவளுக்கும் அவள் ரப்புக்கும் இடையிலான விஷயம். நாம் அதில் நாள் குறிக்க முடியாது.

அவன் திருந்திவிட்டேன் என்று அழுதுகொண்டு வரலாம். பரீரா (ரலி) அவர்களின் செய்தி உங்களுக்குத் தெரியும். முகீஸ் கெட்ட கணவர் என்று எந்த அறிவிப்பும் சொல்லவில்லை. அடிமைத்தளையிலிருந்து விடுதலையான பின் பரீரா அவரை விட்டு விலகிக்கொண்டார், அவ்வளவுதான். முகீஸ் தாடி நனைய அழுதுகொண்டு மதீனாவின் தெருக்களில் அவர் பின்னால் நடந்தார். நாயகத்துக்கே இரக்கம் வந்து, திரும்பிச் சேர்ந்து வாழலாமே என்றார்கள். இது கட்டளையா என்று பரீரா கேட்டார். இல்லை, பரிந்துரைதான் என்று பதில் வந்ததும், அப்படியானால் எனக்கு அவர் தேவையில்லை என்று சொல்லிவிட்டார் (புகாரி). அல்லாஹ்வின் தூதரே பரிந்துரையோடு நிறுத்திக்கொண்டார்கள்! நல்ல கணவரிடமே திரும்பச் சொல்லிக் கட்டாயப்படுத்தாத மார்க்கத்தில், அடித்தவனிடம் திரும்பச் சொல்லிக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் எந்த முத்தவல்லிக்கு இருக்கிறது?

இனி வாழ்வதற்கான வழி. வெறும் ஆறுதலால் பள்ளிக்கூடக் கட்டணம் கட்ட முடியாது. ஜாபிர் (ரலி) அவர்களின் சின்னம்மா தலாக் சொல்லப்பட்டு இத்தாவில் இருந்தார்கள். தம் தோட்டத்துப் பேரீச்சைகளை அறுவடை செய்யப் புறப்பட்டபோது ஒருவர் கண்டித்தார். இது அன்றைக்கும் இருந்திருக்கிறது பாருங்கள், வழியில் நிறுத்திக் கண்டிக்க ஒருவர்! அவர்கள் நேராக நாயகத்திடம் போனார்கள். போய் உன் மரங்களை அறுவடை செய்துகொள், அதிலிருந்து நீ தர்மம் செய்யவும் கூடும் என்று சொல்லி அனுப்பினார்கள் (முஸ்லிம்). அவரை இரங்கத்தக்கவராகப் பார்க்கவில்லை, நாளை பிறருக்குக் கொடுக்கப் போகிறவராகப் பார்த்தார்கள். நம் ஜமாஅத்தின் பைத்துல்மாலில் இருந்து மாதம் ஒரு அரிசி மூட்டை கொடுப்பது நல்லதுதான். விட்ட படிப்பை முடிக்க, ஒரு தையல் மெஷின் வாங்க, ஒரு வேலைக்குப் போய்வர உதவுவது அதைவிட நல்லது. அவள் வேலைக்குப் போகும்போது பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்பதையும் யோசியுங்கள்.

அவளது மஹரும் நகைகளும் அவளுடையவை. அடகு வைத்தது, விற்றது எல்லாம் கணக்கில் வர வேண்டும். இதற்காகச் சட்டத்திடம் போவதை மார்க்கத்துக்கு விரோதமானது என்று சிலர் நினைக்கிறார்கள். ஒரு வரலாற்றைச் சொல்கிறேன். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில், கொடுமைக்காரக் கணவன் விடவும் மாட்டேன் என்றால் பெண் விலகிக்கொள்ள ஹனஃபி சட்டத்தில் வழி மிகக் குறுகலாக இருந்தது. விடுதலைக்கு வேறு வழி தெரியாமல் சில பெண்கள் மார்க்கத்தையே விட்டுவிட்டதாக அறிவிக்கும் அளவுக்குப் போனார்கள். நெஞ்சு பதறுகிறது அல்லவா? மவ்லானா அஷ்ரஃப் அலீ தானவி (ரஹ்) அவர்கள், "ஈமான் இல்லாத பெண்கள்" என்று திட்டிவிட்டுப் போகவில்லை. மதீனாவின் மாலிகி முஃப்திகளிடம் எழுதிக் கேட்டு, அந்த மத்ஹபின் தீர்ப்புகளை எடுத்து, 1930களின் தொடக்கத்தில் அல்ஹீலத்துன் நாஜிஸா என்ற நூலைக் கொண்டுவந்தார்கள். உலமாக்களின் அந்த உழைப்பும் சேர்ந்துதான் 1939இல் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டமாக வந்தது. வழக்கமாக அடிப்பது மட்டுமல்ல, கை நீட்டாமலேயே நடத்தையால் வாழ்க்கையை நரகமாக்குவது, அவளது சொத்தை அவன் விற்றுவிடுவது, மார்க்கக் கடமையைச் செய்ய விடாமல் தடுப்பது ஆகியவையும் அதில் விலகுவதற்கான காரணங்களாக இருக்கின்றன. ஆகவே கோர்ட்டுக்குப் போன பெண்ணை முகம் சுளித்துப் பார்க்காதீர்கள். உலமாக்கள் திறந்துவிட்ட கதவு வழியாகத்தான் அவள் போகிறாள்.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் எல்லா மதத்துப் பெண்களுக்கும் பொது. பாதுகாப்பு உத்தரவும் குடியிருக்கும் உரிமையும் அதில் கேட்கலாம். 181 பெண்களுக்கான உதவி எண். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு, மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும். இந்த எண்களை ஜும்ஆ நேரம் ஒட்டும் பலகையில் ஒட்டி வைக்கும்படி நிர்வாகத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன். பெண்கள் வரும் மதரஸா வாசலிலும் ஒட்டுங்கள், ஆண்கள் பகுதியில் மட்டும் ஒட்டிப் பயனில்லை.

மறுமணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவசரப்படுத்தாதீர்கள், அதே நேரம் வாசலை அடைக்கவும் செய்யாதீர்கள். ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களுக்கு இத்தா முடிந்ததும் முஆவியா (ரலி), அபூஜஹ்ம் (ரலி) இருவரும் பெண் கேட்டார்கள். நாயகத்திடம் ஆலோசனை கேட்டபோது, முஆவியாவிடம் வசதி இல்லை என்றும், அபூஜஹ்ம் தோளிலிருந்து தடியை இறக்காதவர் என்றும் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள். பெண்களை அடிப்பவர் என்று ஓர் அறிவிப்பில் நேரடியாகவே வருகிறது. இது புறம் பேசுவது ஆகாதா? ஆகாது. நிகாஹுக்கு விசாரிக்கும்போது உண்மையைச் சொல்வது கடமை என்று நமது இமாம்கள் இந்த ஹதீஸை வைத்தே எழுதினார்கள். நம் தெருவில் ஒரு மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வந்தால், "நல்ல பையன், தொழுவான்" என்று சொல்லி முடித்துவிடுகிறோமே, முதல் மனைவி ஏன் போனாள் என்று தெரிந்தும்! உஸாமாவை மணந்துகொள் என்றார்கள் நாயகம். முதலில் ஃபாத்திமாவுக்கு விருப்பமில்லை. பிறகு மணந்தார்கள். அதில் அல்லாஹ் நன்மையை வைத்தான், மற்றவர்கள் தன்னைப் பார்த்து ஏங்கும்படி வாழ்ந்தேன் என்று பின்னாளில் அவர்களே சொன்னார்கள் (முஸ்லிம்). "ஒரு தடவை கெட்ட வாழ்க்கை, இனி என்ன இருக்கிறது" என்று உட்கார்ந்திருக்கும் சகோதரியே, இது உனக்காகச் சொல்லப்பட்ட செய்தி. பிரிந்துவிட்டால் இருவரையும் தன் விசாலமான அருளால் தேவையற்றவர்களாக ஆக்குவான் என்று அந்நிஸா 130இல் அல்லாஹ்வே வாக்களிக்கிறான். மறுமணம் வேண்டாம், பிள்ளைகளோடு நிம்மதியாக இருந்துகொள்கிறேன் என்றாலும் அந்த வாக்கு உனக்கு உண்டு.

பாங்கு சொல்ல நேரமாகிவிட்டது. ஒரு துஆவைச் சொல்லி முடிக்கிறேன். நாயகத்துக்குப் பணிவிடை செய்துவந்த அனஸ் (ரலி) அவர்கள், நபி (ஸல்) அடிக்கடி ஓதக் கேட்டதாக அறிவிக்கும் துஆ அது. அல்லாஹும்ம இன்னீ அஊது பிக மினல் ஹம்மி வல் ஹஸன் என்று தொடங்கும். கவலை, துக்கம், இயலாமை, சோம்பல், கஞ்சத்தனம், கோழைத்தனம், கடன் சுமை ஆகியவற்றிலிருந்து பாதுகாப்புத் தேடி, கடைசியில் மனிதர்கள் நம்மை அடக்கி ஆள்வதிலிருந்தும் பாதுகாப்புத் தேடுவார்கள். முழுவதையும் மனனம் செய்து காலையும் மாலையும் ஓதுங்கள். வீட்டில் மீண்டு வந்த மகள் இருந்தால் அவளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

யா அல்லாஹ்! இந்த நேரத்திலும் கதவு பூட்டிய வீடுகளுக்குள் அழுதுகொண்டிருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு வழியைத் திறந்து கொடு. வெளியே வந்தவர்களுக்குத் தூக்கத்தையும் கண்ணியத்தையும் ஹலாலான ரிஸ்கையும் கொடு. அவர்களது பிள்ளைகளின் மனதிலிருந்து பயத்தை நீக்கு. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.